அக்கா அறையில் ஒரு இரும்புத் தூண்

ஒரு புத்தக அலமாரியை நகர்த்தச் சோம்பல்பட்டு, வீட்டுக் கூரையின் பாரத்தை என் அக்காவின் தலைக்கு மேலே இறக்கி வைத்தவன் நான். இதைச் சுற்றி வளைத்துச் சொல்லவும் வழி இருக்கிறது. மரம் பழசு, மழை ஜாஸ்தி, வெல்டிங் கடைக்காரருக்கு அவசரம் என்று பழியைப் பங்கு போடலாம். அதில் எனக்கு நல்ல பயிற்சியும் உண்டு. ஷூ கம்பெனியில் நான் பார்ப்பது தரக் கட்டுப்பாட்டு வேலை. தையல் ஏன் பிரிந்தது என்று வெளிநாட்டுக்காரன் கேட்டால், தையலைத் தவிர உலகத்தில் உள்ள எல்லாவற்றையும் காரணமாகக் காட்டி ஒரு பக்கம் எழுதித் தருவேன். இந்த விஷயத்தில் அது எடுபடாது. அலமாரி கனமாக இருந்தது. எனக்கு முதுகு வலித்தது. அவ்வளவுதான்.

எங்கள் வீடு ஆம்பூரில், ஒரு காலத்தில் தோல் வியாபாரி ஒருவர் கட்டியது. கீழே அவர் குடும்பம், மேலே கிடங்கு. பதப்படுத்திய ஆட்டுத்தோலை மேலே கட்டுக்கட்டாக அடுக்கி வைப்பாராம். அதனால் மேல்மாடித் தரை சிமெண்ட் இல்லை. சுவருக்குச் சுவர் வரிசையாக மரச் சட்டங்கள், அவற்றின் மேல் பலகை. கூரையைத் தாங்க நடுவில் ஒரே ஒரு பெரிய உத்திரம். அப்பா வாங்கியபோது வெள்ளையடித்துக் கிடங்கை மறைக்கப் பார்த்தார். மறையவில்லை. மழைக்காலத்தில் என் எழுதும் அறையில் இன்றைக்கும் லேசாக ஒரு வாசனை எழும். வெளியூர் விருந்தாளிகள் மூக்கைச் சுளிப்பார்கள். எங்களுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

மேலே நானும் என் மனைவியும். கீழே அக்கா. இரண்டு பெண்களும் நர்ஸ்கள். மனைவி இன்னும் ரயிலேறி வேலூருக்கு டியூட்டிக்குப் போகிறாள். அக்கா ஆபரேஷன் தியேட்டரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டால், "டைம் கெடைக்கல" என்பாள், ஏதோ ரேஷன் கடைக்குப் போக மறந்த மாதிரி. ஓய்வு பெற்றதிலிருந்து தினமும் காலையில் ஜன்னலோரம் பி.பி. மெஷினோடு உட்காருவாள். தெருப் பெண்கள் ஜன்னல் கம்பிக்குள் கையை நீட்டுவார்கள். பாதிப் பேர் உருது பேசுகிறவர்கள். அக்கா அவர்களை உருதுவிலேயே திட்டுவாள். உப்பைக் கம்மி பண்ணு, ஊறுகாயை விடு, மருமகளை மன்னித்துத் தொலை, பி.பி. தானாக இறங்கும். மருத்துவ சாஸ்திரத்தில் மூன்றாவது யோசனைக்கு இடம் உண்டா என்று தெரியாது. கூட்டம் மட்டும் குறையவில்லை.

போன வருஷம் அவளுக்கு முழங்கால் ஆபரேஷன் நடந்தது. அதே வருஷம் உத்திரத்தின் நடுவில் ஒரு விரிசல் தெரிந்தது. கூரை அந்த இடத்தில் லேசாகத் தொய்ந்தும் இருந்தது. பெங்களூரில் இருக்கும் தம்பிக்கு நான்தான் போட்டோ எடுத்து அனுப்பினேன். அனுதாபம் எதிர்பார்த்து அனுப்பினேன். தீர்ப்பு வந்தது.

"அண்ணே, அது மர வீடு. எப்ப வேணா எறங்கிடும். கிறிஸ்துமஸுக்கு வர்றேன். பாத்து சரியில்லன்னா அக்காவ என் ஃப்ளாட்டுக்குக் கூட்டிட்டுப் போய்ட்றேன். நீயும் அண்ணியும் வாடகைக்குப் பாருங்க. இடிச்சிடலாம்."

போன் ஸ்பீக்கரில் இருந்தது. அக்கா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"நா எங்கயும் போவலடா. பெங்களூருல எனக்கு யாரு கைய நீட்டுவாங்க?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் அன்றைக்குக் கீரையில் நல்ல இலையெல்லாம் குப்பைக்குப் போய், தண்டு முழுக்கச் சட்டிக்கு வந்திருந்தது. மனைவி சாப்பிடும்போது கவனித்துச் சொன்னாள்.

ஆகவே நான் களத்தில் இறங்கினேன். எதையும் படித்துத் தெரிந்துகொள்ளலாம் என்ற வியாதி எனக்குச் சிறு வயதிலிருந்தே உண்டு. கூரை, உத்திரம், தூண் என்று கண்ணில் பட்டதையெல்லாம் படித்தேன். வீடியோக்களும் பார்த்தேன். மரத்தாலேயே வீடு கட்டும் ஏதோ ஒரு தேசத்தில், ஒரு கையில் காபி டம்ளரோடு ஒருவர் இன்னொரு கையால் இரும்புத் தூணை நிறுத்துகிறார். பின்னணியில் சங்கீதம். சங்கீதம் முடிவதற்குள் வேலையும் முடிகிறது. நம்மாலும் முடியும் என்று தோன்றியது. காபி குடிக்க எனக்கும் தெரியும்.

வெல்டிங் கடைக்காரர் கனமான பைப் ஒன்றை வெட்டி, இரண்டு முனையிலும் சதுரத் தகடு வைத்துக் கொண்டுவந்தார். மேலே வந்து உத்திரத்தைப் பார்த்தார், பிறகு அதற்கு நேர் கீழே நின்ற என் அலமாரியைப் பார்த்தார்.

"சார், விரிசலுக்கு நேரா நிக்கணும்னா இத எடுக்கணும்."

"எடுக்காம?"

"எடுக்காம இன்னா பண்றது? இப்டி கொஞ்சம் தள்ளி வெக்கலாம். தள்ளி வெச்சா சரியான்னு கேட்டா எனக்குத் தெரியாது."

"தள்ளியே வெச்சிடுங்க."

"கீழ இன்னா இருக்குது சார்?"

"எங்க அக்கா இருக்காங்க."

"அத கேக்கல சார். தூணு நிக்கற எடத்துல பலகைக்குக் கீழ சட்டம் ஓடுதா, வெறும் பலகையா?"

நான் காலால் ஓங்கி ஒரு மிதி மிதித்தேன். "கெட்டியாத்தான் இருக்குது." ஒரு கூரையின் எடையும் என் எடையும் ஒன்று என்று நான் நினைத்ததாக அவர் நினைத்திருக்க வேண்டும். தோளைக் குலுக்கிவிட்டு வேலையை ஆரம்பித்தார்.

அடுத்துத்தான் என் தனிப்பட்ட கண்டுபிடிப்பு வருகிறது. எங்கள் ஊரில் ஆடுகிற எதற்கும் தோல் துண்டுதான் வைத்தியம். கட்டில் ஆடினால் காலுக்கடியில் தோல். கிரைண்டர் நகர்ந்தால் தோல். கதவு காற்றில் அடித்தால் இடுக்கில் தோல். சர்ச்சில் ஆர்மோனியத்தின் நான்காவது கால் எத்தனையோ வருஷமாக எங்கள் கம்பெனிச் சரக்கின் மேல் நிற்கிறது. இரும்புத் தகடு பலகையை உறுத்துமே என்று, கம்பெனி சாம்பிள் ரூமிலிருந்து ஷூவின் அடிக்கு வைக்கும் அருமையான சோல் தோல் கொண்டுவந்தேன். கடுக்காயும் மரப்பட்டையும் போட்டுப் பதமாக்கிய சரக்கு, தட்டினால் பலகை மாதிரி சத்தம் வரும். மடித்து அடுக்காக வைத்து, அதன் மேல் தூணை நிறுத்தச் சொன்னேன். ஆப்பு அடித்து இறுக்கினார். தொய்வு கொஞ்சம் நிமிர்ந்தது. போட்டோ எடுத்துத் தம்பிக்கு அனுப்பினேன். ஒரு கட்டைவிரல் மட்டும் பதிலாக வந்தது. அக்காவிடம் போய், "இனிமே யாரும் உன்ன அசைக்க முடியாதுக்கா" என்றேன். "உக்காந்த எடத்துலருந்து நானே அசைய முடியல, வேற யாரு அசைக்கறது" என்றாள். நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டேன்.

ஐப்பசியில் ஏலகிரி மலைப் பக்கம் வானம் கறுத்து, இரண்டு நாள் விடாமல் பெய்தது. மூன்றாவது நாள் ஞாயிறு. சர்ச்சில் திருவிருந்து ஆராதனை. அன்றைக்கு அக்கா வெள்ளைப் புடவைதான் கட்டுவாள். இஸ்திரி போட்டுக் கட்டிலின் மேல் விரித்திருந்தாள். கீழேயிருந்து குரல் வந்தது.

"டேய், மேல மை பாட்டில் ஏதாவது கவுந்துச்சா?"

மை பேனாவை நான் விட்டு எத்தனையோ காலமாகிறது என்று சொல்லிக்கொண்டே இறங்கினேன். புடவையின் நடுவில், ஒரு ரூபாய் அகலத்துக்குக் கன்னங்கரேலென்று ஒரு சொட்டு. பக்கத்தில் இன்னொன்று. நாங்கள் நிமிர்ந்து பார்க்கும்போதே பலகை இடுக்கிலிருந்து மூன்றாவது கிளம்பியது. மனைவி விரலால் தொட்டு முகர்ந்து பார்த்தாள்.

"ஏங்க, இது மை இல்ல. உங்க ஆபீஸ் வாசன அடிக்குது."

ஈரத் தோலில் இரும்பு பட்டால் கறுக்கும். கடுக்காய்த் தண்ணீரில் இரும்பைப் போட்டுத்தான் அந்தக் காலத்தில் மையே காய்ச்சினார்கள். எங்கள் தொழிற்சாலை நோட்டீஸ் போர்டில், 'ஈரத் தோலின் மேல் இரும்பு படக்கூடாது' என்று பெரிய எழுத்தில் ஒரு எச்சரிக்கை தொங்குகிறது. எழுதியது நான். கீழே கையெழுத்தும் என்னுடையது.

மேலே ஓடினேன். கூரையில் கசிந்த தண்ணீர் உத்திரத்தோடு ஓடித் தூணின் மேல் வழிந்து தோலை நனைத்திருந்தது. தோல் ஊறி, நசுங்கி, பழைய தோசை மாதிரி ஆகியிருந்தது. தூணைப் பிடித்தேன். கைக்குச் சுழன்றது. உத்திரத்தை அது தொட்டுக்கொண்டிருந்ததே தவிரத் தாங்கவில்லை. அதைவிட மோசம், அது நின்ற பலகை கிண்ணம் மாதிரி குழிந்திருந்தது. அதன் கீழே சட்டம் இல்லை. அக்காதான் இருந்தாள்.

இறங்கி வந்தபோது அவள் நீலப் புடவையில் தயாராக நின்றாள்.

"இந்தக் கறை போவுமாடா?"

"போவாதுக்கா."

"அப்ப நல்ல சரக்குதான்" என்றுவிட்டு, மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு சர்ச்சுக்குக் கிளம்பினாள்.

எதிர்வீட்டு பாயின் மகள் சிவில் எஞ்சினியர். சென்னையில் பெரிய கட்டடங்களோடு மல்லுக்கட்டுகிறவள், லீவில் வந்திருந்தாள். அம்மாவை பி.பி. பார்க்க அழைத்து வந்தபோது அக்கா அவளை மேலே அனுப்பிவிட்டாள். வந்தவள் தூணைப் பார்த்தாள், ஊறிய தோலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டாள். நல்ல வளர்ப்பு.

"அங்கிள், தூணு எதையும் வெச்சிக்காது. மேல வாங்கிக் கீழ குடுத்துடும். நீங்க யாருகிட்ட குடுத்தீங்கன்னு கீழ போய்ப் பாத்தீங்களா?"

"இப்ப பாத்தேன்."

"அடியில கல்லுல நின்னா பேஜாரே இல்ல. மரத்து மேல நிக்குது. அதுலயும் பலகை படுத்திருக்கு. படுத்த மரத்த ஒரே எடத்துல அழுத்தினா நார் நசுங்கிடும். அதே மரத்த நிக்க வெச்சா எவ்ளோ வேணா தாங்கும்."

அப்புறம் செய்ய வேண்டியதைச் சொன்னாள். முதலில் கூரைக் கசிவை அடைக்க வேண்டும். அலமாரியை எடுத்துவிட்டு, தூணை விரிசலுக்கு நேராகக் கொண்டுபோக வேண்டும். அது நிற்கிற இடத்தில் இரண்டு சட்டங்களுக்கு நடுவே கெட்டியான மரக்கட்டையை நார் நிமிர்ந்து நிற்கிற மாதிரி இறுக்க வேண்டும். அகலமான தகட்டை போல்ட் போட்டுப் பிடிக்க வேண்டும். அந்தக் கட்டைக்கு நேர் கீழே இன்னொரு தூண், தரையில் குழி வெட்டிக் காங்கிரீட் போட்டு. மேல் தூண் கொடுப்பதைக் கீழ்த் தூண் வாங்கும், கீழ்த் தூண் பூமிக்குக் கொடுக்கும்.

"கீழ்த் தூணு எங்க வரும்?" என்றேன்.

அவள் அலமாரிக்கு அடியில் கையை நுழைத்துப் பலகையில் ஒரு துளை போட்டு, கொத்தனாரின் தூக்குக்குண்டை நூலோடு கீழே விட்டாள். நாங்கள் இறங்கிப் போனோம். அக்கா கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். அவள் மூக்குக்கு முன்னால், தலையணைக்கு ஒரு சாண் தள்ளி, பித்தளைக் குண்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடி, மெல்ல நின்றது.

"இங்கயா?"

"ஆமா ஆன்ட்டி. ஒரு இஞ்ச் கூட நகத்த முடியாது."

தலைமாட்டில் ஒரு இரும்புத் தூண். இனி எந்தப் போட்டோவும் வேண்டாம். தம்பி வாசலில் நின்று பார்த்தாலே போதும், வீட்டுக்கு முட்டுக்கொடுத்து அக்காவைப் படுக்க வைத்திருக்கிறேன் என்று அன்றைக்கே பெட்டியைக் கட்டச் சொல்வான். அவளை இங்கே வைத்துக்கொள்ளத்தான் இவ்வளவும் செய்தேன், கடைசியில் அவளை வெளியே அனுப்பவும் நானே காரணம் ஆகப்போகிறேன். "வேற ஏதாவது வழி..." என்று இழுத்தேன்.

அக்கா கையைக் காட்டி என்னை நிறுத்தினாள். கட்டிலில் மெல்லப் படுத்தாள். படுத்தபடியே கையை நீட்டி நூலைப் பிடித்தாள். கொஞ்சம் மேலே, கொஞ்சம் கீழே என்று பிடித்துப் பார்த்தாள்.

"ஏம்மா, இந்த ஒசரத்துல ஒரு கைப்பிடி வெச்சி வெல்டிங் பண்ண முடியுமா?"

"பண்ணலாம் ஆன்ட்டி. எதுக்கு?"

"எந்திரிக்கத்தான்."

அப்போது அவளே சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு காலையில் அவளால் தனியாக எழுந்துகொள்ள முடியாது. மனைவி டியூட்டிக்குப் போகுமுன் வந்து கைகொடுத்து உட்கார வைப்பாள். நைட் டியூட்டி நாளில், அவள் ரயிலில் திரும்பி வரும்வரை அக்கா அப்படியே கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பாள். ஜன்னலில் பெண்கள் வந்து கூப்பிட்டால், "ஜெபத்துல இருக்கேன், கொஞ்சம் இருங்க" என்பாளாம். எங்கள் தெருவில் அக்காவின் பக்தியைப் பற்றி இந்து, முஸ்லிம் வித்தியாசமில்லாமல் ஒரு பெரிய மரியாதை இருந்தது. நானும்கூட அதைப் பெருமையாக ஒரு கட்டுரையில் எழுதியிருக்கிறேன்.

"நா மேலதானக்கா இருந்தேன். கூப்ட்டிருக்கலாம் இல்ல?"

"நீ தூங்கிட்டிருந்த. அதுவுமில்லாம உனக்கு முதுகு வலி."

குத்திக் காட்டவில்லை. உண்மையாகவே என் முதுகுக்காகத்தான் சொன்னாள். அது தெரிந்ததால்தான் என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. தலையணை உறையை இழுத்துச் சரி செய்தேன். அது ஏற்கெனவே சரியாக இருந்தது.

அலமாரியைக் காலி செய்ய ஒரு நாள் முழுக்க ஆயிற்று. முதுகு வலி என்ற சொல்லை வாயில் எடுக்காமல் எல்லாவற்றையும் நானே இறக்கினேன். எஞ்சினியர் பெண் எட்டிப் பார்த்து, "அங்கிள், தரை தொங்கறதுக்கு இந்தப் புஸ்தகமும் ஒரு காரணம். சுவரோரமா வெச்சிக்கங்க" என்றாள். இலக்கியம் கனமானது என்று பல மேடைகளில் பேசியிருக்கிறேன். நிரூபணம் கிடைத்தது இதுதான் முதல் தடவை. மனைவி பாதியைத் தானம் கொடுத்துவிடலாம் என்றாள். யாருக்கு என்று கேட்டேன். பக்கத்தில் யாராவது எதிரி இருக்கிறார்களா என்று கேட்டாள்.

வேலை நடந்த நாட்களில் அக்கா மாடியில் எங்கள் கூடத்துக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். படிக்கட்டு ஏற முடியாது என்பது ஒன்று, மேற்பார்வை இன்னொன்று. சமையலறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, குழி வெட்டுகிறவர்களுக்கு பி.பி. பார்த்தாள். காங்கிரீட் போடும்போது முட்டுக்கொடுக்கும் சென்ட்ரிங் ஜாக்கிகளால் உத்திரத்தைத் தற்காலிகமாகத் தாங்கிக்கொண்டார்கள். பழைய கதவுநிலையிலிருந்து அறுத்த தேக்குக் கட்டை சட்டங்களுக்கு நடுவே நிமிர்ந்து உட்கார்ந்தது. கீழ்த் தூண், கட்டை, மேல் தூண், உத்திரம் என்று நான்கும் ஒரே நூலில் நின்றன. வெல்டிங் கடைக்காரர் கைப்பிடியை வைக்குமுன் அக்காவைப் படுக்கச் சொல்லிச் சாக்பீஸால் குறித்தார். கம்பி கைக்கு உறுத்தும் என்று நான் தோல் சுற்றலாமா என்று ஆரம்பித்தேன். மூன்று பேர் ஒரே குரலில் "வேணாம்" என்றார்கள்.

மறுநாள் காலையில் நான் எல்லோருக்கும் முன்னால் விழித்துக் கீழே போய், அறை வாசலில் நின்றேன். அக்காவின் கை போர்வையிலிருந்து வெளியே வந்து கைப்பிடியைத் தேடியது. கிடைத்தது. முகத்தைச் சுளித்துக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒரு இழுப்பு. உட்கார்ந்தாள். இன்னொரு இழுப்பு. நின்றாள். தூணைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் அப்படியே நின்றுகொண்டிருந்தாள், ரயில் வரக் காத்திருப்பவள் மாதிரி. பிறகு போய் ஜன்னலைத் திறந்தாள். வெளியே காத்திருந்த பெண்ணிடம், "இன்னிக்கி ஜெபம் சீக்கிரம் முடிஞ்சிடுச்சி" என்றாள். நான் சத்தம் போடாமல் படியேறிவிட்டேன்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் தம்பி வந்தான். சர்ச் பிள்ளைகள் தூணுக்கு வண்ணக் காகிதம் சுற்றி, உச்சியில் ஒரு நட்சத்திரமும் கட்டியிருந்தார்கள். மறைக்கச் சொன்னது நான். அவன் நேராகப் போய்க் காகிதத்தைக் கிழித்து உள்ளே பார்த்தான். விரலை மடக்கித் தட்டினான். மேலே போய்க் குதித்துப் பார்த்தான், இறங்கி வந்து நாற்காலியில் உட்கார்ந்தான். படுத்திருந்த அக்கா, "டீ குடிக்கிறியாடா?" என்று கேட்டுவிட்டு, கைப்பிடியைப் பிடித்து ஒரே மூச்சில் எழுந்து சமையலறைக்குப் போனாள். அவன் எழுந்து கைகொடுக்கப் போனதையும் அதற்குள் அவள் போய்விட்டதையும் நான் பார்த்தேன். டீயும் கிறிஸ்துமஸ் பலகாரமான கல்கலாவும் வந்தன. அவன் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் தூணையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"சரிண்ணே" என்றான் கடைசியில். "அக்கா இங்கயே இருக்கட்டும்."

வாயில் கல்கலா இருந்ததால் பதில் சொல்ல முடியாத மாதிரி நடித்தேன்.

அவனை ரயிலேற்றிவிட்டு வந்ததும் அக்காவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். எனக்கு நெஞ்சு நிறைந்திருந்தது. நிறைந்தால் எனக்குப் பேச்சு வரும். ஒரு வீட்டையே நிறுத்துகிற ஒரு தூண், அவன் மனசையும் எப்படி நிறுத்திவிட்டது பார்த்தாயா, ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லையே என்று கொஞ்சம் நீளமாகவே பேசிவிட்டேன். அக்கா பொறுமையாகக் கேட்டாள். டம்ளரை என் கையில் கொடுத்தாள்.

"தூணப் பாத்து இல்லடா. அவன் இருக்கறது ஒன்பதாவது மாடி. லிஃப்டு ரிப்பேராயி ஒரு மாசம் ஆவுதாம். என்ன எப்டி மேல ஏத்தறதுன்னு தெரியாம முழிச்சிட்டிருந்தான், பாவம்."